அண்டாவுக்கு ஒட்டுப்போட ஒரு டிக் மெஷினா?

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நுழைந்து பல வருடமாகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். ஒரு கராஜில் தையல், ஒன்றில் சமோசா வியாபாரம், என்னுடையதில் வெல்டிங். 140 ஆம்ப் ஸ்டிக் இன்வர்ட்டர் (உருகிக் கரையும் ராடால் ஒட்டும் சின்ன வெல்டிங் மெஷின்) ஒன்று, கிரைண்டர் இரண்டு, அப்பா விட்டுப்போன வைஸ். இவற்றை வைத்தே பர்கலர் கார்டு (ஜன்னல் கம்பி), கேட், பக்கிக்கு (பிக்அப் வண்டி) ரேக், இறைச்சி சுடும் பிராய் ஸ்டாண்டு என்று சனி ஞாயிறுகளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வினை கோயிலிலிருந்து வந்தது. தைப்பூசத்துக்கு முன்னால், படிக்கட்டில் வயதானவர்கள் பிடித்துக்கொள்ள ஸ்டெயின்லெஸ் கைப்பிடி வேண்டும், காவடிக்கு எடை குறைந்த ஸ்டெயின்லெஸ் சட்டம் நாலு வேண்டும் என்றார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் குழாயில் ஸ்டிக் ராடை வைத்தேன். முதல் இணைப்பில் ஓட்டை, இரண்டாவதில் அதைவிடப் பெரிய ஓட்டை. அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டேன். கைப்பிடி என்னவோ உறுதிதான். ஆனால் சேர்ந்த இடமெல்லாம் தழும்பு. ஒரு மழைக்காலம் போனதும் அந்தத் தழும்புகள் பழுப்பாகிவிட்டன. டர்பன் காற்றில் உப்பு இருக்கிறது. சூட்டில் கறுத்த ஸ்டெயின்லெஸைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதுவும் துருப்பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மடப்பள்ளியிலிருந்து அண்டாவும் வந்தது. அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அலுமினிய அண்டா, அடியில் மயிரிழை வெடிப்பு. "இதையும் பாத்துடுங்க அண்ணா" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆக டிக் மெஷின் வாங்குவது உறுதியாயிற்று. எந்த டிக் என்பதில்தான் மூன்று மாதம் போயிற்று. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது சரிதான்.

டிக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டார்ச்சுக்குள் ஒரு டங்ஸ்டன் ஊசி இருக்கும். அது உருகுவதற்கு 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், ஸ்டிக் ராடைப் போல அது கரைந்து போகாது. அதன் நுனியிலிருந்து ஆர்க், அதாவது மின்சாரச் சுடர், எழும். சுற்றிலும் ஆர்கான் வாயு இறங்கிக் காற்றைத் தள்ளி நிறுத்தும். மற்றொரு கையால் ஃபில்லர் கம்பியைத் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். பொறி பறக்காது, கசடு தட்டும் வேலை இல்லை, மெல்லிய தகட்டிலும் கை சொன்னபடி கேட்கும். ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். துருவோ பெயின்டோ எண்ணெயோ துளி இருந்தாலும் ஒட்டாது.

என் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிட்டேன்.

ஒன்று, ஜேக்கப்ஸ், மொபேனி பக்கம் ஃபேக்டரிகள் மூடும்போது விலைக்கு வரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். செம்பும் இரும்பும் நிறைந்த யானை. நம் காலத்துக்குப் பிறகும் ஓடும். ஆனால் பெரும்பாலானவை மூன்று ஃபேஸ் கேட்கும், நம் வீட்டுக்கு வருவதோ ஒற்றை ஃபேஸ். அதைக் கராஜுக்குள் கொண்டுவர நாலு பேர் வேண்டும், திருப்பி வைக்க அந்த நாலு பேரையும் மறுபடி கூப்பிட வேண்டும். மூன்று ஃபேஸ் இருக்கிற பட்டறைக்காரர் யோசிக்கலாம்.

மற்றொன்று, மிக் (கம்பியை மெஷினே ஊட்டும் வெல்டிங்), ஸ்டிக், டிக் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் மெஷின். கடையில் கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். மிக் தான் உங்கள் முக்கிய வேலை என்றால் நல்ல பெட்டி. டிக் வேண்டுமென்று போகிறவருக்கு இதில் கிடைப்பது பெரும்பாலும் லிஃப்ட் ஸ்டார்ட்டோடு (தொட்டுத் தூக்கி ஆர்க் எழுப்புவது) நின்றுவிடும். கரண்டைக் காலால் ஏற்றி இறக்கும் பெடல் மாட்ட வழியில்லாத மாடல்களே அதிகம். வாயு விஷயமும் இருக்கிறது. மிக் வெல்டிங்குக்குப் பிடிக்கும் ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலவை டிக்குக்கு ஆகாது. டங்ஸ்டன் நிமிடத்தில் கருகிவிடும். டிக்குக்குச் சுத்த ஆர்கான் வேண்டும். அப்படியானால் இரண்டு சிலிண்டர், மாதம் இரண்டு வாடகை.

மிச்சம் மூன்று. இவற்றில்தான் எனக்கும் மருமகனுக்கும் சண்டை.

முதலாவது மலிவானது: இருக்கிற ஸ்டிக் இன்வர்ட்டரிலேயே வால்வு வைத்த டிக் டார்ச் ஒன்றை மாட்டிக்கொள்வது. டார்ச், ரெகுலேட்டர், சிலிண்டர் இருந்தால் போதும். டார்ச் மைனஸில், எர்த் கிளாம்ப் ப்ளஸில். ஸ்டிக் பழக்கத்தில் மாற்றிப் போட்டால் சூட்டில் பெரும்பங்கு டங்ஸ்டனுக்கே போய், நுனி உருண்டு வேலைக்குள் சொட்டும். எனக்கு இது முதல் நாளே நடந்தது. இரவல் டார்ச் என்பதால் அவமானம் இரட்டிப்பு.

இதில் வாயுவைக் கட்டைவிரலால் திறந்து மூட வேண்டும். ஆர்க் எழுப்ப டங்ஸ்டனை வேலையின் மேல் உரச வேண்டும். லிஃப்ட் வசதி இருக்கும் இன்வர்ட்டரில் தொட்டுத் தூக்கினால் போதும், மெஷின் கரண்டைக் குறைத்தே ஆரம்பிக்கும். அது இல்லாத பழைய இன்வர்ட்டரில் முழுக் கரண்டிலேயே உரசவேண்டியிருப்பதால் நுனி ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் டங்ஸ்டன் துணுக்கு வெல்டுக்குள் போய்விடும். பக்கத்தில் ஒரு செம்புத் துண்டை வைத்து அதில் உரசி ஆர்க்கை எழுப்பி, பிறகு இணைப்புக்கு நகர்த்துவார்கள். கை பழகினால் சரியாக வருகிறது.

ஆரம்பம்கூட எனக்குப் பெரிய தொந்தரவில்லை, முடிவுதான். இணைப்பின் கடைசியில் கரண்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால்தான் அங்கே குழி விழாது. இந்த வழியில் குறைக்க ஏற்பாடே இல்லை. டார்ச்சை வெடுக்கென்று இழுத்து ஆர்க்கை அணைக்க வேண்டும். இழுக்கும்போது ஆர்கானும் கூடவே போய்விடும். சிவந்து கிடக்கிற இடத்தில் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், குழியின் நடுவில் சின்ன விரிசல் விழும். பைப்புக்குப் பைப் ஒட்டும் நீளமான வேலையில் இது ஒரே இடத்தில் வரும். காவடிச் சட்டத்தில் சின்னச் சின்ன இணைப்பு நாற்பது. நாற்பது முடிவு, நாற்பது குழி. கற்றுக்கொள்ள இந்த வழி போதும். கோயிலில் எல்லார் கையும் படும் இடத்தில் வைக்கிற வேலைக்குப் போதாது.

இரண்டாவது, டிசி டிக், அதாவது கரண்ட் ஒரே திசையில் ஓடும் மெஷின். ஹை ஃப்ரீக்வன்சி ஸ்டார்ட் (தொடாமலே ஆர்க் பற்றுவது), மெஷினே வாயுவைத் திறந்து மூடும் வால்வு, பெடல் மாட்டும் துளை, 180 அல்லது 200 ஆம்ப். மூன்றாவது, இதெல்லாம் இருந்து ஏசியும் இருக்கும் ஏசி டிசி மெஷின். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று.

மருமகன் பைக் பைத்தியம். ஃபுட் பெக், பிராக்கெட், ரேடியேட்டர் என்று அவன் கையில் எப்போதும் அலுமினியம்தான். "ஏசி இல்லாம டிக் வாங்குனா அது பாதி மெஷின்தான் மாமா" என்றான்.

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படியும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டிசியில் சூடேற்றினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் தண்ணீராகித் தொப்பென்று விழும். ஏசியில் கரண்ட் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பாதியில் ஆர்க் தோலைக் கிழிக்கும், மறு பாதியில் உலோகத்தை உருக்கும். இன்றைய இன்வர்ட்டர்களில் எந்தப் பாதிக்கு எவ்வளவு என்று திருகி வைத்துக்கொள்ளலாம், ஃப்ரீக்வன்சியையும் ஏற்றலாம். 100 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ஆர்க் குறுகிக் கூர்மையாக நிற்கும். அலுமினியம் உங்கள் அன்றாட வேலை என்றால் ஏசி டிசியைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள், இந்தக் கட்டுரையையும் இங்கேயே மூடிவிடலாம்.

நான் ஒரு காரியம் செய்தேன். கடந்த இரண்டு வருடத்தில் கராஜுக்கு வந்த வேலைகளை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதினேன். மைல்ட் ஸ்டீல் முக்கால் பங்குக்கு மேல். மிச்சத்தில் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். அலுமினியம் மூன்றே மூன்று: ஓர் ஏணிப் படி, ஒரு படகுக்காரரின் பிராக்கெட், அப்புறம் இந்த அண்டா. மூன்றுக்காக இரண்டு மடங்கு பணமா? அந்த மூன்றையும் ஜேக்கப்ஸில் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கினாலும் விலை வித்தியாசத்தில் ஒரு மூலைகூடக் கரையாது.

வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இந்தத் தாளை எழுதுங்கள் என்பேன். கடைக்குப் போனால் மெஷின் என்னென்ன செய்யும் என்றுதான் சொல்வார்கள். உங்கள் கராஜுக்கு என்ன வேலை வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆம்ப் கணக்கையும் அதே தாளில் போடலாம். மைல்ட் ஸ்டீலுக்கு மில்லிமீட்டருக்கு 40 ஆம்ப் என்பது கைக்கணக்கு. ஸ்டெயின்லெஸுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மில்லிமீட்டர் கைப்பிடிக்கு 50 முதல் 60. பிராய் ஸ்டாண்டின் மூன்று மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் தடிமன் வந்தால் நான் ஸ்டிக்கைத்தான் எடுப்பேன், கேட் தூணுக்கு டிக் போடுகிற பொறுமை எனக்கில்லை. ஆக 200 ஆம்ப் தாராளம். மேல் எல்லையை எல்லாரும் கேட்கிறார்கள், கீழ் எல்லையை யாரும் கேட்பதில்லை. மெல்லிய தகட்டுக்கு 5 ஆம்பிலிருந்து 10 ஆம்புக்குள் நிதானமாகத் தொடங்குமா என்பது எனக்கு 200ஐவிட முக்கியம்.

பெட்டியின் மேல் இருக்கும் சதவீதத்தையும் படியுங்கள். 200 ஆம்பில் 25% என்றால், பத்து நிமிடத்தில் இரண்டரை நிமிடம் ஓட்டலாம், மிச்சம் ஆறவிட வேண்டும். அந்த எண் 40 டிகிரி வெயிலில் அளந்ததா, 25 டிகிரியில் அளந்ததா என்று பாருங்கள். பிப்ரவரி மாதம் தகரக் கூரைக் கராஜில் நின்றவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 60 ஆம்பில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய கவலையில்லை. மெஷினுக்கு முன்னால் நமக்குத்தான் இடைவேளை வேண்டியிருக்கும்.

கரண்ட் பற்றிப் பலருக்கு வீண் பயம். டிக்கின் ஆர்க் வோல்டேஜ் குறைவு என்பதால், அதே ஆம்பில் ஸ்டிக்கைவிடக் குறைவாகவே இழுக்கும். 60 ஆம்ப் டிக் வேலை கெட்டில் இழுப்பதில் பாதிதான். 120 ஆம்பில்கூட நம் வீட்டு மூன்று பின் ப்ளக்கின் 16 ஆம்புக்குள் அடங்கிவிடும். 200 ஆம்பைத் தொட்டால் மட்டும், பவர் ஃபேக்டர் திருத்தம் (லைனிலிருந்து வீணாகக் கூடுதல் ஆம்ப் இழுக்காமல் பார்க்கும் ஏற்பாடு) இல்லாத மெஷின் 25 ஆம்புக்கு மேல் இழுக்கும்; 20 ஆம்ப் பிரேக்கர் தாங்காது. அதற்குத் தனி லைன் இழுத்து நீல நிற 32 ஆம்ப் ப்ளக் போட வேண்டும், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கேயும் ஏசி டிசிக்குச் செலவு கூடுகிறது. அலுமினியம், சூட்டை ஸ்டெயின்லெஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்திவிடும். அதனால் மூன்று மில்லிமீட்டருக்கே 130, 150 என்று போகும். 200 ஆம்பை உண்மையாகவே பயன்படுத்துகிறவர் அலுமினியக்காரர்தான்.

லோட் ஷெடிங்கை, அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவதை, மறந்துவிட முடியாது. 2023இல் பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஒரு நேரம் இருட்டில்தான் இருந்தோம். மறுபடி வந்தால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று கடையில் கேட்டேன். என் வேலைக்கு, டிசி மெஷினை 120 ஆம்ப் வரை ஓட்ட 5 கேவிஏ ஜெனரேட்டர் போதும். வோல்டேஜ் ஏறி இறங்கும் மலிவு ஜெனரேட்டரை எந்த இன்வர்ட்டருக்கும் கொடுக்காதீர்கள்.

ஹை ஃப்ரீக்வன்சி ஸ்டார்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டங்ஸ்டன் வேலையைத் தொடாமலே, சில ஆயிரம் வோல்ட் பொறி ஒன்று தாவி ஆர்க்கைப் பற்றவைக்கும். நுனி சுத்தமாக இருக்கும், நினைத்த இடத்தில் நினைத்த நொடியில் ஆரம்பிக்கலாம். ஆனால் அந்தப் பொறி ரேடியோவைக் கரகரக்க வைக்கும், சில வீடுகளில் எர்த் லீக்கேஜ் என்ற பாதுகாப்பு சுவிட்சைத் தட்டிவிடும். எங்கள் வீட்டில் முதல் வாரம் இரண்டு தடவை டிபி போர்டில் (வீட்டு மின்பலகை) அந்த சுவிட்ச் விழுந்து, உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். எர்த் கிளாம்பை வேலைக்கு மிக அருகில் மாட்டி, கேபிளைச் சுருட்டாமல் நீட்டிப் போட்ட பிறகு நின்றது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் நிற்கக் கூடாது. அப்பா இருந்திருந்தால் நான் லிஃப்ட் ஸ்டார்ட் மெஷினைத்தான் வாங்கியிருப்பேன்.

பெடல் தனியாக வாங்கும் சாமான் என்று விட்டுவிடாதீர்கள். தையல் மெஷின் போலக் காலால் கரண்டை ஏற்றி இறக்கலாம். குழாயின் விளிம்பு சூடேறுவது கண்ணில் தெரியும். கால் தானாகவே குறைக்கும். முடிவில் மெல்ல விட்டால் குழி விழாது. பல்ஸ் (கரண்டை மாறிமாறி ஏற்றி இறக்குவது), ஸ்லோப் (முடிவில் தானாகக் குறைப்பது) என்று முன் பலகையில் இருக்கும் பாதித் திருகிகளின் வேலையைக் கால் செய்துவிடும். ஏணிமேல் நின்று கைப்பிடி மாட்டும்போது பெடல் உதவாது, அங்கே டார்ச் பொத்தானும் ஸ்லோப்பும்தான். நான் வாங்கிய கடையில் மெஷினுக்கு ஐந்து பின், பெடலுக்கு ஏழு பின் கொடுத்து அனுப்பினார்கள். மாற்றிக்கொடுக்க ஆறு வாரம் ஆயிற்று. இரண்டையும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இனி, மெஷினைவிட நீண்ட நாள் செலவு: ஆர்கான். ஆஃப்ராக்ஸ் போன்ற வாயுக் கம்பெனிகளிடம் சிலிண்டர் நமக்குச் சொந்தமாகாது. வாடகை மாதாமாதம், வாயுவின் விலை தனி. வேலை இல்லாத மாதமும் வாடகை ஓடும். 200 பாரில் நிரப்பிய 50 லிட்டர் சிலிண்டரில் சுமார் 10,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் இருபது மணி நேர ஆர்க். 10 லிட்டர் சின்னச் சிலிண்டரில் நாலு மணி நேரம். நாலு மணி நேரம் தாராளம்போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் டங்ஸ்டனும் உருகிய இடமும் ஆறும்வரை வாயு ஓட வேண்டும். 10 ஆம்புக்கு ஒரு நொடி என்பது வழக்கு. காவடிச் சட்டம் போன்ற வேலையில் ஆர்க் நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இந்த ஆறும் நேரமும் வந்துவிடும். கையால் மூடும் வால்வு டார்ச்சில் மூட மறந்து டீ குடிக்கப் போனால் அதுவும் சேரும். மலிவு வழி இங்கேதான் தன் லாபத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கடற்காற்றும் ஆர்கானுக்கு எதிரி. கராஜ் கதவைத் திறந்து வைத்தால் வாயு கலைந்து வெல்டில் பொத்தல் விழும். வாயுவைக் கூட்டினால் சரியாகும் என்று 15 லிட்டர் வைத்துப் பார்த்தேன். சுழல் எழுந்து காற்றை இன்னும் உள்ளே இழுத்தது. கதவைப் பாதி இறக்கி, காற்று வரும் பக்கம் தகடு ஒன்றைச் சாத்திவைத்ததும் 8 லிட்டரே போதுமானதாக இருந்தது. முழுக்க மூடிவிடவும் கூடாது, புகை வெளியே போக வேண்டும். குறிப்பாக ஸ்டெயின்லெஸ் புகையில் இருக்கும் குரோமியம் நுரையீரலுக்கு விஷம்.

சில்லறைச் சாமான்களில் நிறையக் குழப்புவார்கள். டார்ச் 17 நம்பர் காற்றில் ஆறும் வகை போதும், 150 ஆம்ப் தாங்கும். டங்ஸ்டனில் நீல முனை லாந்தனேட்டட் வாங்கினால் டிசிக்கும் ஏசிக்கும் ஆகும். சிவப்பு முனையில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பதால் தீட்டும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, வேண்டாமே என்று விட்டுவிட்டேன். ஃபில்லர் கம்பி, 304 வகை ஸ்டெயின்லெஸுக்கு 308எல், ஸ்டெயின்லெஸை மைல்ட் ஸ்டீலோடு சேர்க்க 309எல். துடைக்க அசிட்டோன் போதும். பிரேக் கிளீனரை டிக் பக்கம் கொண்டுவரவே கூடாது. குளோரின் உள்ள வகையாக இருந்தால் ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீன் என்ற கொல்லும் வாயு உண்டாகும்.

மெஷின் பெயர் எதையும் நான் சொல்லவில்லை. ஒரே பெட்டி நாலு நிறத்தில் நாலு பெயரில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு, பெயரைக் கேட்பதை விட்டுவிட்டேன். போர்டு போனால் டர்பனிலேயே பார்க்க ஆள் உண்டா, உதிரி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இரண்டு கடையில் பதில் மழுப்பலாக வந்தது, மூன்றாவதில் உள்ளே கூட்டிப்போய் ரிப்பேர் மேஜையையே காட்டினார்கள். அங்கேயே வாங்கினேன்: 200 ஆம்ப் டிசி, ஹை ஃப்ரீக்வன்சி, பெடலோடு. பின் மாறிய கதை அங்கேதான் நடந்தது என்பது வேறு விஷயம்.

மருமகன் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவனும் பணம் சேர்த்து ஏசி டிசி ஒன்று எடுத்தான். அவன் தாளில் அலுமினியம்தான் அதிகம் என்பதால் அவனுக்கு அது சரி.

அண்டாவை ஜேக்கப்ஸில் காட்டினேன். பட்டறைக்காரர் அதைக் கவிழ்த்து, விரலால் தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல வருட எண்ணெயும் புளியும் உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறது, ஆர்க் பட்டால் நுரைத்துக்கொண்டு வரும், அடி முழுக்கச் சல்லடை மாதிரி குழி விழுந்திருக்கிறது, ஏசி இருந்தாலும் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் வெடிக்கும் என்றார். கோயிலுக்குப் புது அண்டா வாங்கிக் கொடுத்தோம். பழையதில் மண் போட்டுக் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடுவதால் வேர் அழுகவில்லை.